வெளிய சாப்பிடறப்போ குடுக்கற காசுக்கு ஒர்த்தான்னு எப்படி பாக்கறது

மெனு கார்டுல இருக்கற விலைய மட்டும் பாத்து ஆர்டர் பண்ணாதீங்க, அடியில சின்ன எழுத்துல வரி தனின்னு போட்டிருக்கான்னு பாருங்க, அதையும் சேத்தாதான் உண்மையான விலை. அப்புறம் அளவு. ஒரு பிளேட் எத்தன பேருக்கு வரும்னு கேட்டா சர்வரே சொல்லிடுவாங்க, இல்லன்னா பக்கத்து டேபிளுக்கு வர்ற தட்ட பாத்தாலே தெரிஞ்சிடும்.

பொதுவா மெனு விலையில மூணுல ஒரு பங்கு மாதிரிதான் சமையல் பொருளுக்குப் போகும், மிச்சம் வாடகை, சம்பளம், கரண்டு, கேஸ்னு போயிடும், அதனால வீட்டுல செஞ்சா இவ்ளோதானே ஆகும்னு கணக்கு போடறது சரியில்ல, சமைக்கறவங்க உழைப்புக்கும் சேத்துதான் குடுக்கறோம். நான் பாக்கறது ஒண்ணுதான், இத வீட்டுல இதே ருசில நம்மளால செய்ய முடியுமா? முடியும்னா எவ்ளோ கம்மி விலையா இருந்தாலும் அடுத்த தடவ அத வாங்க மாட்டேன்.

கூல்டிரிங்ஸ், ஜூஸ்ல கடைக்கு லாபம் ஜாஸ்தி, பில்லு சத்தமில்லாம ஏறறது அங்கதான். தண்ணி பாட்டில் கேக்காமலே கொண்டு வந்து வெச்சா, வேணாம்னா திறக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. பில்லையும் வரிவரியா படிச்சிட்டு குடுங்க, ஆர்டர் பண்ணாததும் சில சமயம் அதுல ஏறியிருக்கும்.