மரமின்றி வீடு, சூலுப் பெண்களின் சட்டிகளால் தளம்

1860இல் ஒப்பந்தத் தொழிலாளர்களாக ட்ரூரோ கப்பலில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வந்திறங்கிய தமிழர்களின் வழிவந்த நம் குடும்பங்களில் பல, மரச்சட்டமும் தகரமும் கொண்ட வீடுகளிலேயே நெடுங்காலம் வாழ்ந்தன. இன்று டர்பன் உள்ள குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் புதிதாகக் கட்டுவோர், சுவரிலிருந்து கூரை வரை மரம் சேர்க்காமல் கட்டவும், அதே செலவில் மண்பாண்டம் வனையும் சூலுப் பெண்களுக்கு வேலை தரவும் முடியும்.

சுவருக்கு, சூளையில் சுடாத மண் கற்களே போதும். களிமண் அளவாகவும் மணல் மிகுதியாகவும் உள்ள மண்ணுடன் நூற்றுக்கு 5 முதல் 8 பங்கு சிமெண்ட் கலந்து, கைப்பொறியில் அழுத்தி, நிழலில் ஈரம் காயாமல் வைத்து ஆற்ற வேண்டும். கதவு, சன்னல்களுக்கு இரும்பு நிலை எளிதில் கிடைக்கிறது.

கூரையில்தான் கவனம் தேவை. கான்கிரீட் தளத்தின் மேற்பகுதி அழுத்தத்தைத் தாங்குகிறது. கீழ்ப்பகுதியின் இழுவிசையைக் கம்பியே தாங்குவதால், கம்பிகளுக்கு இடையே கீழே கிடக்கும் கான்கிரீட் பெரும்பாலும் வெறும் பாரம். கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் அந்த இடத்தில் ஓடுகளைப் பதித்துச் செலவைக் குறைத்தார். இங்கே ஓட்டுக்குப் பதிலாக ஆழமில்லாத மண் சட்டிகளைக் கவிழ்த்து வைக்கலாம். தளத்தின் கனம், சட்டியின் உயரம், கம்பி இடைவெளி ஆகியவற்றைப் பொறியாளர் கணக்கிட்டு, நகராட்சியின் ஒப்புதல் பெற்ற பிறகே சட்டிக்குச் சொல்ல வேண்டும்.

சட்டிகளை, இம்மாகாணத்தின் துகேலா ஆற்றுப் பள்ளத்தாக்கு போன்ற இடங்களில், வனைபவரிடமே நேரில் சென்று கேளுங்கள். சக்கரமின்றி மண் திரிகளை அடுக்கி வனையும் இக்கலை தாயிடமிருந்து மகளுக்கு வருவது; சூலுக் குயவர் நெஸ்டா நாலாவின் பானைகள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஆகவே பேரம் பேசி விலையைக் குறைப்பது தகாது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். மண் தோண்டுவதற்கும் உலர்த்துவதற்கும் நாள் பிடிப்பதால், பாதித் தொகையை முன்பணமாகக் கொடுப்பதே முறை.

'உகாம்பா' எனப்படும் சூலு பீர்ப் பானையை முதலில் சுட்டு, பிறகு புகையூட்டிக் கருக்க இன்னொரு முறை சுடுவார்கள். தளத்துக்குரிய சட்டிக்கு அந்தக் கருமை வேண்டாம். செந்நிறமாகச் சுட்டதோடு நிறுத்தச் சொன்னால் ஒரு சூட்டின் விறகு முழுவதும் மிச்சமாகும். காய்ந்த கற்றாழை மடல்களும் சாணமும் வழக்கமான எரிபொருள்கள். விறகு வேண்டுமெனில், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து ஆற்றங்கரைகளில் நீரை உறிஞ்சிப் பரவியுள்ள வாட்டில் மரத்தையே எரிக்கலாம். 1995இல் தொடங்கிய அரசுத் திட்டமே அதை வெட்டி அகற்றுகிறது. நாட்டு மரங்களைத் தொட வேண்டியதில்லை. சூட்டுக்குழியைச் சுற்றிப் பழைய தகரத்தால் காற்றை மறைத்து, மேலே உடைந்த ஓடுகளை மூடினால் வெப்பம் வீணாகாது. மழை குறைந்த ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சுடுவதே நல்லது. மெல்லிய விரிசல் விழுந்த சட்டிகளையும் பணம் கொடுத்து வாங்குங்கள். விரிசலைச் சிமெண்ட் குழம்பால் அடைத்துவிட்டால் தளத்துக்கு அவையும் உதவும்.

இங்கே பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. கான்கிரீட் ஊற்றுவதற்கு மரப் பலகையும் மர முட்டுக்காலும் வைத்தால், மிச்சம் பிடித்த மரம் அங்கேயே செலவாகிவிடும். இரும்புத் தகடுகளையும் இரும்பு முட்டுகளையும் வாடகைக்கு எடுங்கள்.

சட்டிகளை முன்னதாக நீரில் ஊற வைக்காவிட்டால் அவை கான்கிரீட்டின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஊறியவற்றைக் கவிழ்த்து வரிசையாக வைத்து, இடைவெளிகளில் கம்பி கட்டி, சட்டி நகராதபடி முதலில் இடைவெளிகளையும் பிறகு மேற்பரப்பையும் நிரப்ப வேண்டும். இரண்டு வாரம் நீர் கட்டி, பொறியாளர் சொல்லும் நாளில் முட்டுகளை எடுத்தபின், அடியில் செந்நிற வட்டங்கள் தெரியும். அவற்றின்மீது பூச்சு வேண்டாம், ஈரத்துணியால் சிமெண்ட் கறையைத் துடைத்தால் போதும்.