பேய்ப் பட ட்ரெய்லர் வெட்டும்போது எங்கே சொதப்புகிறார்கள்?

ஹாரர் படத்துக்கு, அதிலும் குறும்படத்துக்கு, ட்ரெய்லர் வெட்ட உட்காருபவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, படத்தில் இருக்கிற திடுக் காட்சிகளை எல்லாம் டைம்லைனில் (எடிட்டிங் மென்பொருளில் ஷாட்களை வரிசையாக அடுக்கும் இடம்) இழுத்துப் போட்டு, நடுநடுவே கருப்புத் திரை வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘டம்ம்’ போடுவது. தொடக்கமே தப்பு. திடுக்கிட அரை நொடி போதும், உங்களிடம் இருப்பதோ இரண்டு நிமிடம். மீதி நேரம் முழுக்கப் பார்ப்பவர் எதற்காகவோ காத்திருக்க வேண்டும், அது எதற்காக என்று அவருக்கு ஓரளவாவது தெரிந்திருக்க வேண்டும்.

த்ரில்லர் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக் இதை ஒரு மேசையை வைத்தே விளக்கினார். மேசைக்கு அடியில் குண்டு இருப்பது நமக்குத் தெரியாமல் வெடித்தால் 15 நொடி அதிர்ச்சி. முன்னாலேயே தெரிந்துவிட்டால், மேலே இரண்டு பேர் சும்மா அரட்டை அடித்துக்கொண்டிருந்தாலும் 15 நிமிடப் பதற்றம். சினிமா படிக்கும் எல்லோருக்கும் இது மனப்பாடம், ஆனால் ட்ரெய்லர் வெட்டும்போது மட்டும் மறந்துவிடுகிறது. ட்ரெய்லருக்குள்ளேயும் குண்டை முதலில் காட்டியாக வேண்டும்.

‘தி கான்ஜுரிங்’ (2013) டீசரை எடுத்துப் பாருங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு, கைதட்டல் சத்தத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு, அம்மாவும் பிள்ளையும் விளையாடுகிறார்கள். பகல் நேரம், சிரிப்பு, ஒரு ஆபத்தும் இல்லை. அப்புறம் இரவில் அதே கைதட்டல் கேட்கிறது, ஆனால் விளையாட ஆளில்லை. அம்மா நிலவறையில் மாட்டிக்கொண்டு தீக்குச்சி கிழிக்கிறாள், பின்னாலிருந்து இரண்டு கைகள் மட்டும் வெளிச்சத்துக்குள் வந்து தட்டுகின்றன. பேயின் முகம் கிடையாது, ரத்தம் கிடையாது. கைதட்டலைப் போய்ப் பயங்கரமான சத்தம் என்று யாராவது சொல்வார்களா? ஆனால் பகலில் அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டதால்தான் இரவில் அது வேலை செய்கிறது.

ஆக, பெரிய தவறு எது என்று என்னைக் கேட்டால், அறிமுகம் இல்லாமல் பயமுறுத்துவதுதான். திடீரென்று ஒரு பொம்மை, திடீரென்று ஒரு ஊஞ்சல், திடீரென்று முடியை விரித்துப்போட்ட பெண். எதற்கும் முன்கதை இல்லை. ‘அஸ்’ (2019) படத்தின் ட்ரெய்லரில் லூனிஸ் குழுவின் 1995 ராப் பாட்டு முதலில் காருக்குள் ஓடுகிறது, குடும்பமே ஜாலியாகத் தலையாட்டிக்கொண்டு போகிறது. அதே மெட்டு பின்னால் வேகம் குறைந்து வயலின்களின் கீறலாகத் திரும்பி வரும்போது நமக்கு வயிற்றைப் பிசைகிறது. அந்த வடிவத்துக்குக் கிடைத்த வரவேற்பால் அது படத்துக்குள்ளேயும் வந்தது. இதைப் பார்த்துவிட்டு ஒரு தாலாட்டை எடுத்து மெதுவாக்கி எதிரொலி சேர்த்து ஒட்டிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் முதல் பாதியை, அதாவது காருக்குள் இருக்கும் சந்தோஷத்தை, விட்டுவிடுகிறார்கள். ‘ஹெரெடிட்டரி’ (2018) ட்ரெய்லரில் வரும் சிறுமி நாக்கால் எழுப்பும் ‘டொக்’ சத்தமும் இதே முறைதான்: முதலில் ஒரு பழக்கம், அப்புறம் ஒரு எச்சரிக்கை.

பேயைக் காட்டுவது அடுத்த தவறு. மேக்கப்புக்குச் செலவு செய்தாயிற்று, காட்டாமல் விட மனசு வராது, புரிகிறது. ஆனால் ‘லாங்லெக்ஸ்’ (2024) விளம்பரங்களில் பிரபல நடிகர் நிக்கோலஸ் கேஜின் முகத்தையே மறைத்து வைத்தார்கள். முகத்தைப் பார்க்க ஆசைப்படுபவன் டிக்கெட் வாங்கட்டும் என்கிற தைரியம் அது. 1979இல் வந்த ‘ஏலியன்’ ட்ரெய்லரில் ஒரு முட்டை, அதில் விழும் விரிசல், ஓடுகிற மனிதர்கள், சைரன் மாதிரி திரும்பத் திரும்ப வரும் ஓர் ஓலம், அவ்வளவுதான்; வசனமே கிடையாது, படத்தில் வரும் வேற்றுலக உயிரினத்தை முழுதாகக் காட்டவும் இல்லை. பாதி திறந்த கதவு, ஃபிரேமின் ஒரு பக்கம் காலியாக விட்டு மறு பக்கத்தில் நிற்கும் ஆள், கேமராவுக்கு வெளியே எதையோ பார்த்து உறைந்துபோன கண்: இவற்றுக்கு மேக்கப் செலவும் இல்லை.

சத்தத்தைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் கெடுவது அங்கேதான். ரைசர் என்று ஒன்று இருக்கிறது, சுருதி மேலே மேலே ஏறிக்கொண்டே போகும் ஒலி. ட்ரோன் என்று ஒன்று, அடியில் ஒரே சீராக ஓடும் ரீங்காரம். இரண்டையும் முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை ஓடவிட்டால் கொஞ்ச நேரத்திலேயே காது அதற்குப் பழகிவிடும், அப்புறம் அது இருப்பதே தெரியாது. ரைசர் ஏற வேண்டும், ஏறி ஓர் இடத்தில் சட்டென்று அறுபட வேண்டும், அந்த அறுபட்ட இடத்தில் மூச்சுச் சத்தமோ தரைப்பலகை முனகலோ மட்டும் கேட்க வேண்டும். அங்கேதான் உடம்பு இறுகும். அந்த மௌனத்தை எவ்வளவு நேரம் நீட்டுவது என்பதற்குச் சூத்திரம் எதுவும் இல்லை, இன்னும் கொஞ்சம் போனால் தாங்காது என்று தோன்றும் இடத்துக்கு ஒரு துளி தாண்டி வெட்டலாம்.

இன்னொரு விஷயம், மிக்ஸை, அதாவது இசை, வசனம், சத்தம் எல்லாம் கலந்த ஒலியை, முழுக்க உச்சத்தில் ஏற்றி அனுப்புவது. யூடியூப் அளவுக்கு மீறிச் சத்தமாக இருக்கும் வீடியோவைத் தானே குறைத்துவிடும். நீங்கள் எல்லாவற்றையும் கத்த வைத்தால், எல்லாமே ஒரே அளவில் கீழே இறங்கி, கடைசி அலறலும் நடுவில் வரும் வசனமும் ஒரே உயரத்தில் நிற்கும். அலறல் பெரிதாகக் கேட்க வேண்டுமானால் அதற்கு முன்னால் இருப்பதைத் தாழ்த்துங்கள், வேறு வழியில்லை. அதோடு, 40 ஹெர்ட்ஸ் அளவில் ஓடும் அடித்தொனி ஸ்டுடியோ ஸ்பீக்கரில் நெஞ்சை உலுக்கும், ஃபோன் ஸ்பீக்கரில் ஒன்றுமே கேட்காது. உங்கள் பார்வையாளர்களில் பெரும் பகுதி ஃபோனில்தான் பார்க்கப் போகிறார்கள், ஆகவே அந்த அடித்தொனிக்கு மேலே ஒரு கீறலோ உராய்வோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

இருட்டுக்கும் இதே கதைதான். எடிட்டிங் அறையில் விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்கும்போது அழகாக இருக்கும் நிழல், பகலில் பஸ்ஸில் உட்கார்ந்து பார்ப்பவனுக்கு வெறும் கருப்புக் கட்டம். அப்லோட் செய்யும்போது சுருக்கப்படுவதால் கருப்புப் பகுதிகள் திட்டுத் திட்டாகவும் ஆகிவிடும். இருட்டு இருக்கட்டும், ஆனால் அங்கே ஓர் ஆழம் இருக்கிறது என்று காட்ட ஒரு கதவு விளிம்போ ஜன்னல் கம்பியோ லேசாகத் தெரிய வேண்டும்.

வேகமான கட் வேண்டாம் என்று சொல்லவில்லை, முதல் ஷாட்டிலிருந்தே வேண்டாம் என்கிறேன். ‘தி ஷைனிங்’ டீசரில் கட்டே கிடையாது: அசையாத கேமரா, மூடிய லிஃப்ட் கதவுகள், மேலே நகரும் எழுத்துகள், கொஞ்ச நேரம் கழித்துக் கதவிடுக்கில் பீறிடும் ரத்த வெள்ளம். எல்லோராலும் இது முடியாது, சரி. ஆனால் நீளமான ஒரு ஷாட்டாவது இல்லாமல் முப்பது நாற்பது துண்டுகளை அடுக்கினால், எந்த அறையில் இருக்கிறோம், வாசல் எந்தப் பக்கம் என்று புரிவதற்குள் முடிந்துவிடும். இடம் புரியாதவனுக்கு எங்கிருந்து எது வரும் என்ற பயம் எப்படி வரும்?

கதை முழுவதையும் வரிசையாகச் சொல்லிவிடுவது பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. குடும்பம் வீடு மாறியது, குழந்தை தனியாகப் பேசியது, சாமியார் வந்தார், பழைய கொலை தெரிந்தது, இவ்வளவும் தெரிந்தபின் படத்துக்கு எதற்கு வர வேண்டும்? ‘பார்பேரியன்’ (2022) ட்ரெய்லர் கதையின் தொடக்கத்தோடு பெரும்பாலும் நின்றுகொண்டது, பின்பாதி எங்கே போகிறது என்று வாயே திறக்கவில்லை. டைட்டில் வந்து முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது கடைசியாக ஒரு அலறல் வைக்கும் வழக்கமும் தேய்ந்துவிட்டது. ரசிகர்கள் டைட்டிலைப் பார்த்ததுமே காதைப் பொத்திக்கொள்கிறார்கள். வைத்தே தீர வேண்டுமென்றால் அவர்கள் எதிர்பார்க்கும் நொடியில் வைக்காதீர்கள், இல்லையென்றால் சத்தமே இல்லாத ஒன்றை வையுங்கள்.

ரஃப் கட், அதாவது முதல் வரைவு வெட்டு, முடிந்ததும் இரண்டு தடவை ஓட்டிப் பாருங்கள், ஒரு தடவை சத்தத்தை அணைத்துவிட்டு, ஒரு தடவை திரையைத் திருப்பி வைத்துவிட்டு. சத்தம் இல்லாமல் பார்க்கும்போது எந்த ஷாட்டும் உங்களை இழுக்கவில்லை என்றால், அதுவரை இசைதான் எல்லா வேலையையும் செய்துகொண்டிருந்தது என்று அர்த்தம், ஷாட்டை மாற்றுங்கள். திரை இல்லாமல் கேட்கும்போது எங்கே மௌனம் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு இடத்தில்கூட வரவில்லையா, மறுபடி டைம்லைனைத் திறக்க வேண்டியதுதான்.