உப்புக் கரைசலின் கடத்துதிறன்: வெப்பநிலையோடு சேர்த்து அளப்பது எப்படி

உப்புக் கரைசல் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது (அதுதான் கடத்துதிறன்), அது வெப்பநிலையோடு எப்படி மாறுகிறது என்ற சோதனையைக் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் மாணவர்களுக்குச் செய்து காட்டுவது என் வேலை. யார் வந்தாலும் முதலில் சொல்வது இதுதான்: மீட்டரில் ஏ.டி.சி. என்ற வெப்பநிலைத் திருத்தம் இருந்தால் அணைத்துவிடுங்கள். அது ஓடினால், கரைசல் 20 டிகிரியில் இருந்தாலும் 45-இல் இருந்தாலும், 25-இல் என்ன வருமோ அதையே கணக்குப் போட்டுக் காட்டும். நாம் பார்க்க வந்த மாற்றம் கண்ணிலேயே படாது. அணைக்க வழியில்லாத மீட்டரில் வெப்பநிலைக் குணகத்தைப் பூஜ்யமாக வையுங்கள்.

கரைசலுக்குப் பொட்டாசியம் குளோரைடுதான் நல்லது. அதன் மதிப்புகள் துல்லியமாகத் தெரிந்தவை. ஓவனில் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்தி, டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய பாத்திரம்) ஆறவிட்டு, 0.7455 கிராம் நிறுத்து 1 லிட்டர் ஸ்டாண்டர்டு பிளாஸ்கில் கரையுங்கள். 0.01 மோலார் தயார். சமையல் உப்பு வேண்டாம், அதில் அயோடின் சேர்மமும் கட்டி தட்டாமலிருக்கப் போடும் பொருளும் இருக்கும்.

கரைசல் 25 டிகிரியில் இருக்கும்போது அதன் கடத்துதிறன் செ.மீ.க்கு 1413 மைக்ரோசீமென்ஸ். மீட்டர் 1390 மைக்ரோசீமென்ஸ் காட்டினால், 1413-ஐ 1390-ஆல் வகுங்கள், 1.017 என்று வரும். அதுதான் உங்கள் செல்லின், அதாவது கரைசலில் முக்கும் தகடுகள் உள்ள கருவியின், கலமாறிலி (தகடுகளின் அளவையும் இடைவெளியையும் பொறுத்த எண்). மற்ற ரீடிங்குகளையும் இதனால் பெருக்க வேண்டும்.

மே மாதத்தில் எங்கள் ஆய்வகமே 33, 34 டிகிரிக்குப் போய்விடும். அதனால் வாட்டர் பாத்தில் ஐஸ் போட்டு 20-இல் தொடங்கி, ஐந்தைந்து டிகிரியாக 45 வரை ஏற்றுங்கள். தெர்மாமீட்டர் கரைசலுக்குள் இருக்கட்டும். பாத் 30 காட்டும்போது பீக்கருக்குள் இன்னும் 28 தான் இருக்கும். அரை டிகிரி தவறினால் ரீடிங்கில் ஏறக்குறைய ஒரு சதவீதம் போய்விடும். இரண்டு நிமிடம் எண் அசையாமல் நின்ற பிறகே எழுதுங்கள். இந்தப் பொறுமைக்குத்தான் நான் மதிப்பெண் போடுவேன்.

சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரைந்திருந்த காற்று குமிழியாகத் தகடுகளில் ஒட்டும், ரீடிங் இறங்கும். செல்லை மெல்லத் தட்டிக் குமிழியைப் போக்குங்கள். தகட்டின் கறுப்புப் பூச்சு பிளாட்டினம். டிஷ்யூ வைத்துத் துடைக்கவே கூடாது. மல்டிமீட்டரை வைத்து அளக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். கூடாது. நேர்மின்னோட்டத்தில் தகடுகளில் முனைவாக்கம் வந்துவிடும், அதாவது தகட்டருகே மின்னேற்றம் குவிந்து ரீடிங்கைக் கெடுத்துவிடும். 19-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் இயற்பியலாளர் கோல்ராஷ் மாறுமின்னோட்டத்துக்குப் போனது இதனால்தான்.

எண்கள் கையில் வந்ததும் ஒரு வேலை செய்யுங்கள், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 20 டிகிரியில் 1278, 25-இல் 1413. டிகிரிக்கு சுமார் 2 சதவீத ஏற்றம். அயனிகளின் எண்ணிக்கை கூடவில்லை, உப்பு முழுக்கப் பிரிந்துதான் கிடக்கிறது. தண்ணீரின் பாகுத்தன்மைதான் 1.002-இலிருந்து 0.890 மில்லிபாஸ்கல் நொடியாகக் குறைந்திருக்கிறது. அந்தந்த வெப்பநிலையில் கடத்துதிறனையும் பாகுத்தன்மையையும் பெருக்கிப் பாருங்கள்: 1281, 1258. ஏறக்குறைய ஒரே எண். தண்ணீர் இளகியதால் அயனிகள் விரைவாக ஓடுகின்றன என்பது உங்கள் நோட்டிலேயே தெரிந்துவிடும்.

கடைசியாக, 45-இலிருந்து திரும்ப 25-க்கு இறக்கி ஒரு ரீடிங் எடுங்கள். பழைய எண்ணைவிடக் கூடுதலாக வந்தால் நீர் ஆவியாகியிருக்கும். பீக்கரை மூடிவைத்துப் புதுக் கரைசலில் மறுபடி தொடங்குங்கள்.