மீட்ட முயலுக்கு வீடு தேடுவது எப்படி, கட்டணம் எவ்வளவு வைப்பது?

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், குடியிருக்கிறேன். போன மாதம் பஸ் நிறுத்தத்தில் ஒரு மைலோ அட்டைப்பெட்டி கிடந்தது. உள்ளே நான்கு முயல்கள், ஒன்றின் மேல் ஒன்று ஏறி மூலையில் ஒடுங்கி இருந்தன. இப்படிக் கைக்கு வந்து சேரும் முயல்களை என்ன செய்வது என்று புதிதாகக் கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எல்லாரும் முதலில் கேட்பது, "சும்மா கொடுத்துடலாமா, காசு வாங்கலாமா?" என்றுதான். காசு வாங்குங்கள். ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில் இரண்டு வாரம் உங்களிடமே இருக்கட்டும்

வந்த அன்றே ஆண், பெண் பிரித்து வையுங்கள். குட்டிகளில் எது ஆண், எது பெண் என்று பார்ப்பது கடினம். எனக்கு முதலில் வந்த ஜோடியை "ரெண்டும் பொட்டை" என்று யாரோ சொன்னதை நம்பி ஒரே கூண்டில் விட்டேன். ஒரு மாதம் கழித்து ஒரு காலையில் கறுப்பாயி தன் நெஞ்சு முடியை வாயால் பிடுங்கிப் பிடுங்கி மூலையில் மெத்தை போட்டுக்கொண்டிருந்தாள். அன்று இரவே ஆறு குட்டிகள். முயலுக்குக் கர்ப்பகாலம் ஏறக்குறைய 31 நாள்தான்; ஈன்ற அன்றே மறுபடியும் சினை பிடிக்கும். அதனால் மிருக டாக்டரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். எல்லா டாக்டரும் முயல் பார்ப்பதில்லை. போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். ஈப்போ நகரம் வரை போக வேண்டி வரலாம்.

காதுக்குள் பழுப்பு நிறத்தில் பொருக்குப் பொருக்காக இருந்தால் அது காதுப் பூச்சி. பிய்த்து எடுக்காதீர்கள், வலிக்கும். டாக்டர் மருந்து கொடுப்பார். நாய்க்கு வாங்கி வைத்த உண்ணி மருந்தைத் தடவவே கூடாது. அதில் பிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் முயல் செத்தே போகலாம்.

கருத்தடை அறுவை செய்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். "வளர்ந்ததும் நாங்களே செய்துக்கிறோம்" என்பார்கள், பெரும்பாலும் செய்ய மாட்டார்கள். பெண் முயலுக்கு வயது ஏற ஏறக் கர்ப்பப்பைப் புற்றுநோய் வருவது சகஜம். அறுவை அதையும் தடுக்கும். அறுவைக்கு முன் பட்டினி போடாதீர்கள், முயலுக்கு வாந்தி வராது, வயிறு காலியானால்தான் ஆபத்து. அறுவை முடிந்த ஆணையும் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் வரை பெண்ணிடம் விட வேண்டாம். அது வரைக்கும் அவனால் சினையாக்க முடியும்.

இனி கணக்கு

ஒரு நோட்டு போடுங்கள். நான்கு முயலுக்கு இப்படி ஆனதாக வைத்துக்கொள்வோம்: இரண்டு ஆணுக்கு அறுவை 360 வெள்ளி (ரிங்கிட்), இரண்டு பெண்ணுக்கு 500, காது மருந்து 80, இரண்டு மாதத் தீனி 160. மொத்தம் 1,100. நாலால் வகுத்தால் தலைக்கு 275 வெள்ளி.

இந்த ஊரில் 275 வெள்ளி கேட்டால் நல்ல மனசுள்ளவர்கள்கூடத் திரும்பிப் போய்விடுவார்கள். அதற்காக இலவசமாகவும் விடக் கூடாது. "சும்மா தருகிறோம்" என்று போட்டால் முதலில் வரும் அழைப்புகளில் சில மலைப்பாம்பு வளர்ப்பவர்களுடையதாக இருக்கும், சில சாத்தே என்ற குச்சியில் சுட்ட இறைச்சிக்காக இருக்கும். சமைத்துச் சாப்பிடுவது அவரவர் வழக்கம், ஆனால் நான் மருந்து போட்டுத் தேற்றிய உயிரை அதற்குத் தர எனக்கு மனம் வராது.

நான் பின்பற்றும் அளவு இது. 2025இலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 நாளுக்கு வகுத்தால் நாள் கூலி சுமார் 65. ஒன்றரை நாள் கூலி, அதாவது 100 வெள்ளி வைக்கிறேன். யோசித்துத்தான் கொடுக்க வேண்டிய தொகை, ஆனால் தோட்டத்துக் குடும்பத்துக்கு எட்டாத தொகை இல்லை. பிரியாத ஜோடி என்றால் 150. வயதானது, ஒரு கண் போனது என்றால் 50. நல்ல வீடாகத் தெரிந்தால் இரண்டு தவணையாகவும் வாங்குவேன். மீதிப் பணத்துக்கு நோட்டைப் படம் எடுத்து வாட்சாப் குழுவில் போட்டு உதவி கேளுங்கள். கணக்கைக் கண்ணால் பார்த்தால் ஊர்க்காரர்கள் தருகிறார்கள்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து வந்த ஒரு அக்கா கேட்டார்: "என்னா தங்கச்சி, மொசலுக்குப் போயி நூறு வெள்ளியா?" "இது மொசலுக்கு விலை இல்லக்கா. அறுவைக்கு ஆன செலவுல உங்க பங்கு" என்று நோட்டைக் காட்டினேன். புரட்டிப் பார்த்தார். அடுத்த சம்பளத்தில் வந்து சுண்டு என்ற முயலைத் தூக்கிக்கொண்டு போனார். விலை என்று சொல்லாதீர்கள், தத்துக் கட்டணம் என்றே சொல்லுங்கள்.

அறிவிப்பும் விசாரணையும்

காலை வெளிச்சத்தில், தரையோடு படுத்து, முயலின் கண் மட்டத்தில் படம் எடுங்கள். ஆணா பெண்ணா, வயது, அறுவை ஆனதா, கெட்ட பழக்கம் என்ன என்று எழுதுங்கள். ஒயர் கடிக்கும் என்றால் அதையும் எழுதுங்கள். பேஸ்புக்கில் போட்டது போதாது. மளிகைக் கடைச் சுவரில் தமிழிலும் மலாயிலும் ஒரு தாள் ஒட்டுங்கள்.

வீட்டை நேரில் போய்ப் பாருங்கள். நான் முதலில் பார்ப்பது கூரையை. தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் கூண்டு வைத்தால் முயல் தாங்காது. வெயில் 30 பாகை செல்சியஸுக்கு மேல் போனாலே அதற்குச் சிரமம். காற்றோட்டமான சிமெண்டுத் தரை, பக்கத்தில் சாய்ந்துகொள்ளத் துணி சுற்றிய ஐஸ் பாட்டில், இது போதும். கூண்டின் அடி வெறும் கம்பியாக இருந்தால் பாதம் புண்ணாகும், பலகையோ பாயோ போடச் சொல்லுங்கள்.

அடுத்தது புல். முயலுக்கு முக்கியமான உணவே புல்தான், கேரட் இல்லை. "அதுக்கென்ன, தோட்டத்துல அறுத்துக்கலாம்" என்பார்கள். செம்பனை அடியில் களைக்கொல்லி அடிப்பார்கள், அந்தப் புல் வேண்டவே வேண்டாம். வீட்டுக் கொல்லையில் நேப்பியர் புல் நாலு கரணை நட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அப்புறம், பண்டிகைக்கு வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். இதற்குப் பதில் யோசித்து வைத்திருப்பவர்களிடம் நம்பிக் கொடுக்கலாம்.

பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாகக் கேட்டால் நான் கொடுப்பதில்லை. முயல் எட்டு, பத்து வருடம் வாழும். கேட்ட பிள்ளை அதற்குள் வேலைக்கே போய்விடும். தீபாவளி வாரத்திலும் கொடுப்பதில்லை. புது இடமும் பட்டாசுச் சத்தமும் சேர்ந்தால் பயத்தில் தின்னாமல் கிடக்கும். அரை நாள் தின்னாவிட்டாலே டாக்டரிடம் ஓட வேண்டும்.

கொடுக்கும் நாள்

ஒரு தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள்: விற்கக் கூடாது, அடுத்தவருக்குக் கைமாற்றக் கூடாது, முடியாமல் போனால் எப்போது வேண்டுமானாலும் என்னிடமே திருப்பித் தரலாம். முதல் இரண்டு வாரத்துக்குள் திரும்பி வந்தால் கட்டணத்தை முழுசாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். காசு போய்விடுமே என்று யாரும் முயலை வெளியே அவிழ்த்துவிடக் கூடாது.

பையில் பத்து நாளுக்கு அது தின்று பழகிய பெல்லட் (உருண்டைத் தீனி), ஒரு கட்டுப் புல், அது படுத்த துணியைத் துவைக்காமல் அப்படியே வையுங்கள். வாசனை தெரிந்த துணி இருந்தால் முதல் ராத்திரியே புல்லில் வாய் வைக்கும். மறுநாள் காலை ஒரு போன் போட்டு, புழுக்கை போட்டிருக்கிறதா, எவ்வளவு பெரிசு என்று கேளுங்கள்.