எந்த சர்வர் நமக்குக் கிட்டே? பிங் போட்டுப் பாருங்கள்

பினாங்கில் இருந்துகொண்டு சர்வர் வாடகைக்கு எடுப்பவர்கள் வரைபடத்தை மட்டும் நம்பாதீர்கள், அளந்து பாருங்கள். பிங் என்பது சர்வருக்கு ஒரு சின்னச் செய்தி அனுப்பி, பதில் திரும்பிவர எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று காட்டும் கட்டளை. முதலில் வைஃபையை அணைத்துவிட்டு கேபிளைச் செருகுங்கள். வைஃபையில் எண் ஏறி இறங்கும். எது சர்வரின் தாமதம், எது நம் வீட்டின் தாமதம் என்று பிரிக்கவே முடியாது.

அப்புறம் விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, பிங் என்று அடித்து, சர்வர் முகவரியைக் கொடுங்கள். சும்மா விட்டால் 4 முறைதான் அனுப்பும், அது போதாது, 50 முறையாவது அனுப்பச் சொல்லுங்கள். முடிவில் குறைந்தது, கூடியது, சராசரி என்று மூன்று எண்கள் வரும். நான் முதலில் பார்ப்பது குறைந்ததை, ஏனென்றால் நெரிசல் கலக்காத பாதையின் நீளம் அதில்தான் தெரியும்.

கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 200,000 கிலோமீட்டர் போகும். அதாவது 1,000 கிலோமீட்டர் போய்வர 10 மில்லிசெகண்ட். இங்கிருந்து சிங்கப்பூர் சுமார் 600 கிலோமீட்டர், தோக்கியோ 5,000க்கும் மேல், அதனால் தோக்கியோ சர்வர் 50க்குக் கீழே இறங்கவே இறங்காது. சரி, சிங்கப்பூர் சர்வர் எப்போது பார்த்தாலும் 70 காட்டினால்? பெரும்பாலும் பாதை எங்கோ சுற்றிப் போகிறது. டிரேஸ்ரூட் (வழியில் உள்ள ஒவ்வொரு நிறுத்தத்தையும் ஒரு வரியாகக் காட்டும் கட்டளை, விண்டோஸில் tracert) போட்டு, எந்த வரியில் எண் தாவி அப்படியே நிற்கிறது என்று பாருங்கள்.

இரவு 9 மணிக்கு இன்னொரு முறை கட்டாயம் அளங்கள். பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டில் காலையில் 14 காட்டிய சர்வர் இரவில் 60 காட்டியது. பதிலே வராவிட்டால் சர்வர் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள், பலர் பிங்கைத் தடுத்து வைத்திருப்பார்கள்.