டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) கிரிக்கெட் பார்க்க கோவை, வாழப்பாடி போகிறவர்களுக்கு

முதலில் அட்டவணையைப் பாருங்கள். எல்லா வருஷமும் எல்லா மைதானத்துக்கும் ஆட்டம் வராது.

கோவையில் எஸ்.என்.ஆர். கல்லூரி மைதானம். காந்திபுரத்தில் அவிநாசி ரோடு டவுன் பஸ் ஏறி நவ இந்தியாவில் இறங்குங்கள். காரில் போனால் நிறுத்த இடம் தேடுவதற்குள் டாஸ் முடிந்துவிடும். ஜூலைச் சாரலுக்குப் பயந்து பாதியில் கிளம்பாதீர்கள்: இரு அணிக்கும் தலா 5 ஓவர் கிடைத்தாலே முடிவு உண்டு.

வாழப்பாடி சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். புது பஸ் ஸ்டாண்டில் ஆத்தூர் வண்டி ஏறுமுன், "வாழப்பாடி நிக்குமாங்க?" என்று கேட்டுவிடுங்கள், பைபாசிலேயே போகிற வண்டிகளும் உண்டு. சிக்கலே திரும்பும்போதுதான். ராத்திரி ஆட்டம் முடிய 11 மணி ஆகும், ஸ்கோர் சமமாகி சூப்பர் ஓவர் வந்தால் இன்னும் இழுக்கும். அந்நேரத்துக்கு பஸ்ஸை நம்பாமல், நாலு பேர் சேர்ந்து வாடகைக் கார் பேசிக்கொள்வது உத்தமம். மதிய ஆட்டமென்றால் மேற்கே பார்த்த இருக்கை வேண்டாம். சாயங்கால வெயிலில் பந்தே தெரியாது.