மட்டக்களப்பில் தெருவோரப் பாட்டுக் கேட்கப் போகிறவர்களுக்கு

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலடிக்குப் போகிறீர்களா? 20, 50, 100 ரூபாய்த் தாள்களை முதலே மாற்றி மேல்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், சனம் நெருக்கும்போது பேர்ஸைத் திறந்து துழாவ முடியாது.

கச்சான் கடைகளுக்கு நடுவே யாராவது பாடிக்கொண்டிருந்தால் வழியை மறிக்காமல் ஓரமாக நின்று ஒரு பாட்டையாவது முழுதாகக் கேளுங்கள். நடந்தபடியே காசை எறிவது எனக்குப் பிடிப்பதே இல்லை, பாட்டு முடிந்ததும் குனிந்து வையுங்கள். பாடுகிறவர் பார்வையற்றவர் என்றால், "ஐயா, நூறு ரூபாய் தருகிறேன்" என்று சொல்லி, கையிலேயே கொடுத்துவிடுங்கள், அப்போதுதான் எந்தத் தாள் என்று அவருக்குத் தெரியும்.

வீடியோவா? பாடுகிறவரிடம் அனுமதி கேட்டுவிட்டு எடுங்கள். சரி, பாட்டுக் கேட்கக் காந்தி பூங்காப் பக்கம் போவதென்றால் மாலையில் போங்கள், வாவிக்காற்றில் வெயில் தணிந்திருக்கும், பாடுகிறவருக்கும் ஒரு தண்ணீர்ப் போத்தல் வாங்கிப் போங்கள்.